ஊசி முனைக்கு அடியில் என்ன இருக்கிறது?

எஸ்.பி.எம். தேர்வை முடித்துவிட்ட முன்னாள் மாணவி ஒருத்தி, ஏதோ ஒரு பாரத்தில் கையொப்பம் வாங்கப் பள்ளிக்கு வந்திருந்தாள். ஆய்வுக்கூட வாசலில் நின்றபடி கைத்தொலைபேசியை என்னிடம் நீட்டினாள். “டீச்சர், இது சேஃபா? அக்காவுக்கு அடுத்த மாசம் கல்யாணம். இங்கதான் போகப் போறாங்களாம்.”

திரையில் ஒரு விளம்பரம். நெற்றிச் சுருக்கத்துக்கு ஓர் ஊசி, மூக்கை எடுப்பாகக் காட்ட இன்னோர் ஊசி. இரண்டையும் ஒரே நாளில் போட்டுக்கொண்டால் விலை குறைவு. இடம், அடுக்குமாடி வீடு ஒன்றின் அறை. ஊசி போடுபவர் மூன்று நாள் பயிற்சிக்குக் கிடைத்த சான்றிதழைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார்.

‘வேண்டாம்’ என்று ஒரே சொல்லில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஆசிரியர் வேண்டாம் என்று சொல்வதை எத்தனை பேர் வீட்டுக்குப் போய் அக்காவிடம் சொல்வார்கள்? அதனால் அவளை உட்கார வைத்து, ஒரு கண்ணாடியைக் கையில் கொடுத்தேன். அன்று அரை மணி நேரம் பேசியதைத்தான் இன்று உங்களுக்கும் எழுதுகிறேன். நீங்களும் ஒரு கண்ணாடியை எடுத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி முன் ஒரு சோதனை

முதலில் ஆச்சரியப்படுவதுபோல் புருவங்களை உயர்த்துங்கள். நெற்றியில் கோடுகள் எந்தத் திசையில் விழுகின்றன? குறுக்காக, இடமிருந்து வலமாக. இப்போது கோபமாக முறையுங்கள். புருவங்களுக்கு நடுவே இரண்டு கோடுகள் நெட்டாக நிற்கும், ‘11’ என்று எழுதியதுபோல. கடைசியாக, கண்ணைச் சுருக்கிச் சிரியுங்கள். கண்ணின் வெளியோரத்திலிருந்து கோடுகள் விசிறிபோல் விரியும்.

மூன்று செயல்கள், மூன்று திசைகள். காரணம் எளிது. தசை எந்தத் திசையில் சுருங்குகிறதோ, தோல் அதற்குச் செங்குத்தாக மடிகிறது. சட்டையின் முழுக்கையை மேலே தள்ளிப் பாருங்கள். கை நெடுக்கே தள்ளுகிறீர்கள், மடிப்புகளோ கையைச் சுற்றி விழுகின்றன. நெற்றித் தசையின் இழைகள் மேலும் கீழுமாக ஓடுவதால் கோடுகள் குறுக்காக விழுகின்றன. கண்ணைச் சுற்றியுள்ள தசை வட்டமாக இருப்பதால் கோடுகள் சக்கரத்தின் ஆரக்கால்களைப் போல் வெளிநோக்கிப் பரவுகின்றன. முகத்தில் ஒரு கோட்டைப் பார்த்தாலே அதன் கீழே தசை எப்படி ஓடுகிறது என்று சொல்லிவிடலாம்.

இங்கே இன்னொரு வினோதம் உண்டு. உங்கள் கைத்தசை ஓர் எலும்பில் தொடங்கி இன்னோர் எலும்பில் முடிகிறது. அதனால்தான் அது சுருங்கும்போது கை மடங்குகிறது. ஆனால் முகபாவனைத் தசைகள் பெரும்பாலும் தோலில் போய் முடிகின்றன. அவை சுருங்கும்போது எலும்பு நகர்வதில்லை, தோல்தான் நகர்கிறது. நெற்றித் தசையான புரொன்டாலிஸ் எலும்பைத் தொடுவதே இல்லை. மேல்முனை உச்சந்தலையின் தட்டையான நார்ப்படலத்திலும் கீழ்முனை புருவத் தோலிலும் இணைந்திருக்கின்றன.

புருவத்தை மேலே தூக்கும் தசை இது ஒன்றுதான். கீழே இழுப்பவையோ பல. புருவங்களை நடுவுக்கு இழுக்கும் கொருகேட்டர், மூக்கின் மேல்முனையில் இருக்கும் புரோசிரஸ், கண்ணைச் சுற்றியுள்ள வட்டத் தசை எல்லாம் கீழ்நோக்கி இழுக்கின்றன. உங்கள் புருவம் இப்போது நிற்கும் இடம் ஒரு கயிறிழுக்கும் போட்டியின் நடுக்கோடு. ஒரு பக்கத்தில் ஆள் குறைந்தால் கோடு மறுபக்கம் நகரும். இதை நினைவில் வையுங்கள், சிறிது நேரத்தில் தேவைப்படும்.

இத்தனை தசைகளுக்கும் கட்டளை கொண்டுவருவது ஏழாவது மண்டை நரம்பு. காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து வெளியேறி, நெற்றி முதல் கழுத்து வரை ஐந்து கிளைகளாக விரிகிறது. உள்ளங்கையைக் காதோரம் வைத்து ஐந்து விரல்களையும் முகத்தின் மேல் விரித்தால் ஏறக்குறைய அதன் படம் கிடைத்துவிடும். ஆனால் மேல் இமையை முக்கியமாகத் தூக்குவது வேறொரு தசை. அதற்குக் கட்டளை மூன்றாவது மண்டை நரம்பிலிருந்து வருகிறது. அது கண்குழிக்குள், எலும்பு விளிம்புக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது.

உங்கள் வயதில் முறைப்பதை நிறுத்தியதும் கோடு மறைந்துவிடும். தோலில் உள்ள கொலாஜனும் எலாஸ்டினும் அதை மீண்டும் இழுத்துச் சமப்படுத்திவிடுகின்றன. வயது கூடக்கூட, வெயிலின் புற ஊதாக் கதிர் படப்பட, அந்த இழைகள் சிதைகின்றன. மடிப்பு தங்கிவிடுகிறது. ஒரே இடத்தில் ஆயிரம் தடவை மடித்த காகிதம்போல. நம் நாட்டில் ஆண்டு முழுவதும் வெயில். சுருக்கத்தைப் பற்றிக் கவலைப்படும் பதினேழு வயதுக்காரர் திடலுக்குப் போகும்போது தொப்பியும் சன்ஸ்கிரீனும் மறக்காமல் இருந்தால் போதும், ஊசிக்கு அங்கே வேலையே இல்லை.

சோசேஜில் கிடைத்த நஞ்சு

நெற்றிச் சுருக்கத்துக்குப் போடும் ஊசியில் இருப்பது பொட்டுலினம் நச்சு. ‘போடோக்ஸ்’ என்பது அதன் வணிகப் பெயர்களில் ஒன்று. இன்று அழகு மருந்தாக விற்கும் இந்தப் பொருளின் கதை ஒரு சமையலறையில் தொடங்குகிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தென் ஜெர்மனியின் வூர்ட்டம்பெர்க் பகுதியில் பலர் கெட்டுப்போன சோசேஜ் தின்று இறந்தார்கள். யுஸ்டினஸ் கெர்னர் என்ற இளம் மருத்துவர் 150-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களைச் சேகரித்தார். இமை தொங்குகிறது, பார்வை இரட்டையாகிறது, விழுங்க முடியவில்லை, கடைசியில் மூச்சு நின்றுவிடுகிறது. அறிவோ இறுதிவரை தெளிவாக இருக்கிறது. அந்த நஞ்சைத் தம்மீதே சிறிது சோதித்தும் பார்த்தார். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள்! நரம்பிலிருந்து தசைக்குச் செல்லும் கட்டளையை ஏதோ ஒன்று தடுக்கிறது என்று ஊகித்த அவர், மிகச் சிறிய அளவில் அதையே மருந்தாகப் பயன்படுத்தலாம் என்று 1822-இல் எழுதி வைத்தார். சோசேஜுக்கு லத்தீன் மொழியில் ‘பொட்டுலஸ்’. நோயின் பெயர் அங்கிருந்து வந்தது.

1895-இல் பெல்ஜியத்தின் எல்செல் கிராமத்தில் ஓர் இறுதிச் சடங்கில் வாசித்த இசைக்குழுவினர், உப்பிட்ட பன்றி இறைச்சியைச் சாப்பிட்டு நோயுற்றார்கள். மூவர் இறந்தனர். எமில் வான் எர்மெங்கெம் என்ற பேராசிரியர் அந்த இறைச்சியிலிருந்தே பாக்டீரியாவைப் பிரித்தெடுத்தார். அதை இன்று குளோஸ்டிரிடியம் பொட்டுலினம் என்கிறோம். உயிர்வளி இல்லாத இடத்தில் மட்டுமே அது வளரும். அதனால்தான் சோசேஜின் உட்பகுதியும், சரியாகச் சூடாக்காமல் அடைத்த டின்னும் அதற்கு ஏற்ற வீடு. ஊதிப்போன டின் உணவைத் தூக்கி எறியுங்கள் என்று அம்மா சொல்வதற்கும், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கக் கூடாது என்று கிளினிக்கில் சொல்வதற்கும் பின்னால் இருப்பது இந்த ஒரே உயிரிதான்.

நஞ்சு மருந்தானது சான் பிரான்சிஸ்கோவில். கண் மருத்துவர் ஆலன் ஸ்காட், மாறுகண்ணை அறுவை இல்லாமல் சரிசெய்ய வழி தேடினார். விழியை ஒரு பக்கம் அதிகமாக இழுக்கும் தசையைச் சிறிது தளர்த்தினால் போதும் அல்லவா? முதலில் குரங்குகளில் சோதித்து, பிறகு மனிதர்களுக்குக் கொடுத்தார். 1989-இல் அமெரிக்க அரசு, மாறுகண்ணுக்கும் கட்டுப்பாடின்றி இமை துடித்து மூடிக்கொள்ளும் நோய்க்கும் இதை மருந்தாக அங்கீகரித்தது.

அதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், கனடாவின் வான்கூவர் நகரில், ஜீன் கருதர்ஸ் என்ற கண் மருத்துவரிடம் இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண்மணி, இந்த முறை புருவத்துக்கு நடுவே ஏன் போடவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். அங்கே போட்டால்தான் முகம் அமைதியாகத் தெரிகிறதாம். ஜீனின் கணவர் அலஸ்டர் தோல் மருத்துவர். அவருடைய நோயாளிகள் அந்த முறைப்புக் கோட்டைத்தான் போக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து ஆராய்ந்து 1992-இல் கட்டுரை வெளியிட்டார்கள். முறைப்புக் கோட்டுக்கு அமெரிக்க அங்கீகாரம் 2002-இல் வந்தது. ஜீன் கருதர்ஸ் என்ற பெயரை மறக்காதீர்கள், அவர் இந்தக் கட்டுரையில் மறுபடியும் வருவார்.

நஞ்சு என்ன செய்கிறது?

நான்காம் படிவ உயிரியலில் சினாப்ஸ் படித்திருப்பீர்கள். நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் என்ற வேதிப்பொருள் சிறு பைகளில் அடைத்து வைக்கப்பட்டிருக்கிறது. கட்டளை வந்ததும் பை நரம்பின் ஓரச் சவ்வோடு ஒட்டித் திறக்க வேண்டும். அப்படி ஒட்டவைக்கும் கொக்கிகளில் ஒன்று ஸ்னாப்-25 என்ற புரதம். பொட்டுலினம் ஏ வகை நச்சு ஒரு நொதி. நரம்பு முனைக்குள் நுழைந்து அந்தக் கொக்கியை வெட்டிவிடுகிறது. பை நிறைய அசிட்டைல்கோலின் இருக்கிறது, ஆனால் வெளியே வர வழியில்லை. தசைக்குச் செய்தி போகாததால் அது சுருங்குவதில்லை.

நரம்பு செத்துவிடுகிறது என்று பல மாணவர்கள் எழுதுகிறார்கள். தவறு. நரம்பும் தசையும் உயிரோடுதான் இருக்கின்றன. நரம்பு முனை மெல்ல மெல்லத் தன்னைச் சரிசெய்துகொள்கிறது. ஊசி போட்ட சில நாள்களில் பலன் தெரியத் தொடங்கி, மூன்று நான்கு மாதங்களில் தேய்ந்துவிடுவது அதனால்தான்.

இப்போது அந்தக் கயிறிழுக்கும் போட்டிக்கு வருவோம். முறைப்புக் கோட்டுக்கு அங்கீகரிக்கப்பட்ட முறையில் மருத்துவர் ஐந்து புள்ளிகளில் போடுகிறார், ஒவ்வொன்றிலும் 0.1 மில்லிலிட்டர். போடுவதற்கு முன் நோயாளியை முறைக்கச் சொல்லித் தசை எங்கே திரள்கிறது என்று தொட்டுப் பார்ப்பார். எல்லோருக்கும் அது ஒரே இடத்தில் இருப்பதில்லை. வெளிப்புறத் தசைக்குப் போடும் ஊசி கண்குழியின் எலும்பு விளிம்புக்கு 1 சென்டிமீட்டராவது மேலே இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் மருந்து கண்குழிக்குள் கசிந்து, நான் சொன்ன அந்த இமை தூக்கும் தசையை எட்டிவிடும். இமை பாதிக் கண்ணை மூடித் தொங்கும், சில வாரங்களுக்கு. கெர்னர் 200 ஆண்டுகளுக்கு முன் எழுதிய முதல் அறிகுறியும் அதேதான். நெற்றியில் அளவுக்கு மீறிப் போட்டால் மேலே இழுக்கும் ஒரே தசையும் ஓய்ந்துவிடும், புருவம் கீழே இறங்கிவிடும். கல்யாண மேடையில் அப்படி நிற்க யாருக்கு ஆசை?

இமை தொங்கினாலும் திரும்பச் சரியாகிவிடும். பெரிய ஆபத்து குப்பிக்குள் என்ன இருக்கிறது என்பதில் உள்ளது. இந்த மருந்தை மில்லிகிராமில் அளப்பதில்லை, ‘அலகு’ என்று அளக்கிறார்கள். ஒரு தொகுதி எலிகளில் பாதியைக் கொல்லும் அளவு ஓர் அலகு. முறைப்புக் கோட்டுக்கு முதலில் அங்கீகாரம் பெற்ற மருந்தின் அளவு 20 அலகு, ஆனால் ஒரு நிறுவனத்தின் அலகும் இன்னொன்றின் அலகும் சமம் அல்ல. 100 அலகு குப்பியில் இருக்கும் நச்சுப் புரதம் சில நானோகிராம்தான், கண்ணுக்குத் தெரியாது. குப்பியைப் பார்த்து உண்மையா போலியா என்று யாராலும் சொல்ல முடியாது. 2004-இல் அமெரிக்காவின் புளோரிடாவில் நால்வருக்கு, ஆய்வகத்துக்காக மட்டும் விற்கப்பட்ட, மனிதருக்குப் பயன்படுத்தக் கூடாத செறிவான நச்சை அழகு ஊசி என்று போட்டுவிட்டார்கள். நால்வருக்கும் முழு வீரியத்தில் பொட்டுலிசம் வந்தது. அந்த ஊசியைப் போட்ட, உரிமம் முடக்கப்பட்டிருந்த மருத்துவரும் அந்த நால்வரில் ஒருவர்.

நிரப்பி: கண்ணிலிருந்து வந்த கூழ்

மூக்கை எடுப்பாக்கும் ஊசி வேறு வகை. அது தசையைத் தளர்த்துவதில்லை, இடத்தை நிரப்புகிறது. பிள்ளைகள் எல்லாரும் ‘ஃபில்லர்’ என்றுதான் சொல்கிறீர்கள், அப்படியே வைத்துக்கொள்வோம். பெரும்பாலான ஃபில்லர்களில் இருப்பது ஹயலுரோனிக் அமிலம். 1934-இல் நியூயார்க்கில் கார்ல் மேயரும் ஜான் பால்மரும் மாட்டின் விழிக்கூழிலிருந்து பிரித்தெடுத்த பொருள் இது. ‘ஹயலோஸ்’ என்றால் கிரேக்கத்தில் கண்ணாடி. இரண்டு சர்க்கரை மூலக்கூறுகள் மாறி மாறி ஆயிரக்கணக்கில் கோத்த நீண்ட சங்கிலி, ஏராளமான நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உங்கள் தோலிலும் மூட்டிலும் இப்போதே இருக்கிறது.

நம் உடல் தன் ஹயலுரோனிக் அமிலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தினமும் சிதைத்துப் புதிதாகச் செய்துகொள்கிறது. அப்படியானால் ஊசியில் போட்டது எப்படி மாதக் கணக்கில் நிற்கிறது? ஐந்தாம் படிவ வேதியியல் மாணவர்கள் பதில் சொல்லலாம். ரப்பர் பாலை நாம் எப்படி டயருக்கு ஏற்றபடி மாற்றுகிறோம்? கந்தகம் சேர்த்து, சங்கிலிகளுக்கு இடையே குறுக்குப் பிணைப்பு போடுகிறோம். ஃபில்லரிலும் அதே தந்திரம், வேதிப்பொருள்தான் வேறு. பிணைக்கப்பட்ட சங்கிலி ஓடாத கூழாகிவிடுகிறது, உடலின் நொதிகள் அதை மெதுவாகத்தான் வெட்ட முடியும்.

அந்தக் கூழ் எங்கே போய் உட்கார வேண்டும்? முகத்தைக் குவே லாப்பிஸ் பலகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். மேலே தோல், அதன்கீழ் ஒரு கொழுப்பு அடுக்கு, பிறகு தசைகளைச் சுமக்கும் படலம், அதன்கீழ் ஆழத்தில் இன்னொரு கொழுப்பு, அடியில் எலும்பும் அதைப் போர்த்திய உறையும். கொழுப்பும் ஒரே விரிப்பு அல்ல. சடலங்களில் சாயம் செலுத்திப் பார்த்து, அது தனித்தனி அறைகளாகப் பிரிந்திருப்பதை 2007-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் காட்டினார்கள். வயதாகும்போது சில அறைகள் வற்றுகின்றன, சில சரிகின்றன, எலும்பும் தேய்கிறது. எனவே பயிற்சி பெற்ற மருத்துவர் கோட்டை நிரப்புவதில்லை, எந்த அறை வற்றியது என்று பார்த்து அந்த ஆழத்தில் வைக்கிறார். நெற்றியிலோ மூக்கிலோ இத்தனை அடுக்குகளும் சில மில்லிமீட்டருக்குள் அடங்கிவிடுகின்றன. அந்த அடுக்குகளுக்கு இடையே இரத்தக் குழாய்களும் ஓடுகின்றன.

தாடையில் துடிக்கும் குழாய்

பல்லை இறுகக் கடியுங்கள். கன்னத்தின் பின்பக்கம் ஒரு தசை கல்போல் திரளும். அதன் முன் விளிம்பிலிருந்து நேராகக் கீழே தாடை எலும்பின் ஓரத்துக்கு விரலைக் கொண்டு வாருங்கள். பல்லைத் தளர்த்திவிட்டு, மெதுவாக அழுத்துங்கள். துடிக்கிறதா? அதுதான் முகத் தமனி. அங்கிருந்து வளைந்து நெளிந்து வாயோரம் போகிறது, உதடுகளுக்குக் கிளை விடுகிறது, மூக்கின் பக்கவாட்டில் ஏறிக் கண்ணின் உள்மூலைக்கு வருகிறது.

அந்த மூலையில் ஒரு சந்திப்பு இருக்கிறது. கண்ணுக்கு இரத்தம் கொண்டுபோகும் தமனி மண்டையோட்டுக்குள் இருந்து வருகிறது. அதன் கடைசிக் கிளைகள் கண்குழியைத் தாண்டி வெளியே வந்து, மூக்கின் மேலும் புருவ நடுவிலும் நெற்றியிலும் பரவுகின்றன. முகத் தமனியும் இவையும் அங்கே ஒன்றோடொன்று இணைகின்றன. மூக்கும் புருவ நடுவும் வெளித்தோற்றத்துக்குக் கண்ணைவிட்டு விலகி இருக்கின்றன. குழாய்களின் கணக்கில் அவை கண்ணின் கொல்லைப்புறம்.

ஊசி முனை தெரியாமல் அந்தச் சிறு தமனிக்குள் நுழைந்துவிட்டது என்று வையுங்கள். இரத்தம் எதிர்த்திசையில் வருவதால் கூழ் உள்ளே போகாது என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பார்ப்போம். 1 மில்லிலிட்டர் ஊசிக்குழலின் உட்பரப்பு ஏறத்தாழ 0.3 சதுர சென்டிமீட்டர். கட்டைவிரலால் 10 நியூட்டன் விசை கொடுத்தால், அதாவது 1 கிலோ எடையைத் தாங்கும் அளவு அழுத்தினால், குழலுக்குள் அழுத்தம் ஏறத்தாழ 330 கிலோபாஸ்கல். இதயம் இரத்தத்தைத் தள்ளும் உச்ச அழுத்தம் 120 மில்லிமீட்டர் பாதரசம், அதாவது 16 கிலோபாஸ்கல். இருபது மடங்கு வேறுபாடு! மெல்லிய ஊசி வழியே தடித்த கூழ் நகரும்போது அழுத்தத்தின் பெரும்பகுதி வீணாகிவிடும். ஆனாலும் மிஞ்சுவது இரத்தத்தை எதிர்த்துத் தள்ளப் போதும். கூழ் பின்னோக்கிக் கண்குழிக்குள் போகிறது. விரலை எடுத்ததும் இரத்தம் மீண்டும் முன்னோக்கி ஓடி, கூழைத் தன்னோடு விழித்திரைத் தமனிக்குள் அடித்துச் செல்கிறது. அடைப்பு.

எவ்வளவு கூழ் போதும்? புருவ நடுவிலிருந்து கண்குழியின் ஆழம்வரை செல்லும் அந்தத் தமனியின் உட்கொள்ளளவைச் சடலங்களில் அளந்திருக்கிறார்கள். சராசரி 0.085 மில்லிலிட்டர். இரண்டு சொட்டுக்கும் குறைவு. ஊசிக்குழலில் இருப்பதோ 1 மில்லிலிட்டர்.

விழித்திரை இரத்தமின்றி அதிக நேரம் தாங்காது. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்துக்குள் ஓட்டம் திரும்பாவிட்டால் பார்வை மீள்வது மிக அரிது. உலக மருத்துவ இதழ்களில் அதுவரை பதிவாகியிருந்த, ஃபில்லரால் பார்வை பாதிக்கப்பட்ட நிகழ்வுகளை ஒரு குழு 2015-இல் தொகுத்தது. 98 பேர். புருவ நடுவும் மூக்கும்தான் முதல் இரண்டு இடங்கள். அந்தக் கட்டுரையை எழுதியவர்களில் ஒருவர் ஜீன் கருதர்ஸ். முறைப்புக் கோட்டைப் போக்க வழி காட்டிய அதே கண் மருத்துவர், முக ஊசியால் குருடானவர்களின் பட்டியலையும் சேர்த்துத் தொகுத்திருக்கிறார். பட்டியலில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் போடப்பட்டது அவர்களுடைய சொந்த உடல் கொழுப்பு. ‘இயற்கையானது, உங்கள் உடலிலிருந்தே எடுத்தது’ என்ற விளம்பர வாசகத்தைப் படிக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். தமனியை அடைக்கும் பொருள் இயற்கையா செயற்கையா என்று விழித்திரை பார்ப்பதில்லை.

உலகில் போடப்படும் ஊசிகளின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் 98 சிறிய எண்தான், அதையும் சொல்ல வேண்டும். பெரும்பாலானோருக்குச் சிறு வீக்கமும் இரத்தக்கட்டும் தவிர வேறொன்றும் வருவதில்லை. பொட்டுலினம் நச்சும் வெறும் அழகுப் பொருள் அல்ல. பக்கவாதத்தால் முறுக்கிக்கொண்ட கையைத் தளர்த்தவும், ஓயாத தலைவலிக்கும், உள்ளங்கை சொட்டச் சொட்ட வியர்ப்பவர்களுக்கும் அது உதவுகிறது. நான் இந்த ஊசிகளுக்கு எதிரி இல்லை. என் கவலை அந்த அறையைப் பற்றியது.

படித்த மருத்துவர் கூழை மெதுவாக, சிறு சிறு துளிகளாகச் செலுத்துகிறார். பல இடங்களில் கூர்மையான ஊசிக்குப் பதில் முனை மழுங்கிய கெனுலாவைப் பயன்படுத்துகிறார். போடும்போது கையைப் பார்ப்பதில்லை, தோலின் நிறத்தைப் பார்க்கிறார். தோல் திடீரென வெளுத்தால், வலைபோல் நீலம் படர்ந்தால், தாங்க முடியாத வலி வந்தால் உடனே நிறுத்துகிறார். அருகிலேயே ஹயலுரோனிடேஸ் என்ற நொதி தயாராக இருக்கிறது, ஹயலுரோனிக் கூழைக் கரைக்க. வாடகை அறையில் அந்த நொதிக் குப்பி இருக்குமா? இருந்தாலும், வெளுத்த தோலை இரத்தக்கட்டு என்று எண்ணி ஐஸ் வைத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டால்?

மலேசியாவில் சட்டம் தெளிவாக இருக்கிறது. இந்த ஊசிகளை அழகு நிலையப் பணியாளர் போட முடியாது. மலேசிய மருத்துவ மன்றத்தில் பதிவு பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். மருத்துவராக இருந்தால் மட்டும் போதாது, அழகியல் மருத்துவத்துக்கென்று சுகாதார அமைச்சு தரும் எல்.சி.பி. என்ற அனுமதிக் கடிதமும் வேண்டும். அதைப் பெற்றவர்களின் பட்டியல் அமைச்சின் அகப்பக்கத்தில் இருக்கிறது. மருந்துப் பெட்டியில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஹோலோகிராம் ஒட்டியும் இருக்க வேண்டும். இங்கிலாந்தில் 2021 அக்டோபர் முதல், 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு அழகுக்காக இவற்றைப் போடுவதே குற்றம்.

என் மாணவி கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள். தாடையில் விரலை வைத்தபடியே, “அக்காகிட்ட என்ன சொல்றது டீச்சர்?” என்றாள். எதுவும் சொல்ல வேண்டாம், அக்காவையே அந்த இடத்துக்குச் செய்தி அனுப்பி இரண்டு கேள்வி மட்டும் கேட்கச் சொல் என்றேன். ஊசி போடுபவரின் எல்.சி.பி. எண் என்ன? ஹயலுரோனிடேஸ் கையில் இருக்கிறதா?

இரவு எட்டு மணிக்கு அவளிடமிருந்து வாட்ஸ்ஆப் வந்தது. “டீச்சர், அக்கா கேட்டாங்க. அவங்க அக்காவைப் பிளாக் பண்ணிட்டாங்க.”